இடம் மாறினால் விழுப்புரம்

கேள்வி: ஈரிலக்க எண் கணக்குகளில் இரண்டு எழுத்துகளை அப்படியே சேர்த்து எழுதாமல், ஒன்றை மட்டும் பத்தால் பெருக்குவது ஏன்? (அமிர்தி வாசகர்)

பதில்: அமிர்தியிலிருந்து வேலூர் போகும் பைக்குகளின் நம்பர் பிளேட்டே சொல்லிவிடும்: வேலூருக்கான டி.என். 23. அதில் 2 என்பது இரண்டல்ல, இருபது. பத்தாம் இடத்து இலக்கம் ப, ஒன்றாம் இடத்து இலக்கம் ஒ என்றால் எண் 10ப + ஒ. எழுத்துகளை வெறுமனே ஒட்டி எழுதினால் இயற்கணிதத்தில் அது பெருக்கல், 23 ஆறாகிவிடும்!

ஓர் ஈரிலக்க எண்ணின் இலக்கங்களின் கூடுதல் 5. இடம் மாற்றினால் எண் 9 கூடுகிறது என்று வைப்போம். ப + ஒ = 5; 10ஒ + ப = 10ப + ஒ + 9. சுருக்கினால் ஒ − ப = 1. ஆக ப 2, ஒ 3. வேலூர் வந்துவிட்டது. திருப்பிப் போட்டால் 32, அது விழுப்புரம் வண்டிகளின் எண்.

எண்ணுக்கும் அதைத் திருப்பிப் போட்டதற்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். கணக்குப் பிழையைப் பிடிக்கவும் இது உதவும்: ஆம்பூரில் தோலுக்குச் சதுர அடிக் கணக்கு. 63-ஐ 36 என்று எழுதிவிட்டால் இருப்பு 27 உதைக்கும். அனுபவசாலிக் கணக்கர் முதலில் தேடுவது இடம் மாறிய இலக்கத்தைத்தான்.