ஜனவரியில் மணக்கும் ஆர்க்கிட்

ஆர்க்கிட் செடியை முகர்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெங்களூருவில் பூக்கடைகளிலும் மால்களிலும் வரிசைகட்டி நிற்கும் ஃபெலனாப்சிஸ் கலப்பினங்களில் பெரும்பாலானவற்றுக்கு மணம் கிடையாது. வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும், அவ்வளவுதான். மல்லிகைச் சரத்தோடு வளர்ந்த நமக்கு அது போதுமா? வீடு மணக்க ஓர் ஆர்க்கிட் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ரின்கோஸ்டைலிஸ் ஜைகான்டியா. தடித்த வார்போன்ற இலைகள்; அவற்றின் இடுக்கிலிருந்து நரிவால்போல் தொங்கும் பூங்கொத்து. வெள்ளையில் ஊதாப் புள்ளி, முழு வெள்ளை, அடர்சிவப்பு என்று நிறங்கள் உண்டு. எலுமிச்சையும் ஏலமும் கலந்த மாதிரி ஒரு மணம்.

மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளர்வது இது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில், 15 டிகிரி வரை இறங்கும் குளிர்கால இரவையும் தாங்கிக்கொள்கிறது. இங்கே அதற்குச் சோதனையே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வீசும் வறண்ட காற்றுதான்.

வாங்க நல்ல காலம் ஜனவரி. லால்பாக்கின் குடியரசு தின மலர்க்காட்சி நடக்கிற அதே வாரங்களில் இதுவும் பூக்கிறது. 1889-ல் அடிக்கல் நாட்டிய அங்குள்ள கண்ணாடி மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சித்தாபுராவின் நர்சரிகளையும் ஒரு நடை பார்க்கலாம். காலை பத்து, பதினொன்றுக்குப் போங்கள். வெயில் ஏறும்போதுதான் இந்தப் பூ மணத்தை அவிழ்க்கும். மாலையில் முகர்ந்து மணமில்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. செடிக்குச் செடி மணத்தின் அளவு மாறும் என்பதால், பூத்திருக்கும் செடியையே எடுப்பது நல்லது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அறுந்த வேர்கள், வேரோடு ஒட்டிய மரப்பட்டை, இலையில் பழைய பாசியும் கீறலும் இருந்தால் அது காட்டிலிருந்து பிய்த்து வந்த செடியாக இருக்கக்கூடும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். பிய்த்த இடத்தில் இன்னொன்று முளைத்து எழுவது அவ்வளவு அரிது. 1922-ல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சையின் துணையின்றியே விதையை முளைக்க வைத்துக் காட்டினார். அந்த வழியில் இன்று ஆய்வகக் குடுவையில் வளர்ந்த நாற்றுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அப்புறம் காட்டைக் கொள்ளையடிக்க என்ன நியாயம்?

மண் கூடவே கூடாது. மரச்சட்டக் கூடையில் பெரிய அடுப்புக்கரித் துண்டுகள் நாலைந்து, அதற்குமேல் எதுவும் வேண்டாம். தேங்காய் நாரை அடைத்துக் கொடுத்திருந்தால், வேரைக் காயப்படுத்தாமல் முடிந்தவரை உருவிவிடுங்கள். இந்த வேர்களின்மேல் வெள்ளையாக, பஞ்சுபோல் ஓர் உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது வெள்ளிநிறம்; தண்ணீர் பட்டதும் சில நிமிடங்களில் பச்சைக்கு மாறும். செடிக்குத் தாகமா இல்லையா என்பதை இந்த நிறமே சொல்லிவிடும். தண்ணீர் ஊற்றுகிறேன் என்று ஒரு கை தெளித்துவிட்டுப் போனால் போதாது. வேர் முழுக்கப் பச்சையாகும்வரை ஊற்ற வேண்டும். அடுத்த தண்ணீருக்குள் மறுபடி வெள்ளிநிறத்துக்கு வந்திருக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ஒருநாள் விட்டு ஒருநாள் கூடையோடு இறக்கி, வேர்களை மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவிடுகிறேன். அதன்பிறகு இலைகள் சுருங்குவதில்லை.

எந்தத் தண்ணீர் என்பது இந்த ஊரில் பெரிய கேள்வி. போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் பல பேட்டைகளில் உப்பேறியவை. வேர்மேல் வெள்ளைப் பொருக்குக் கட்டும், வேர்நுனி கருகும். காவிரித் தண்ணீர் பரவாயில்லை. எல்லாவற்றையும்விட மழைத்தண்ணீர்தான் அமுதம். பெங்களூருவில் 2009 முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் கட்டடத்தில் தொட்டி இருந்தால் செடிக்கென்று இரண்டு குடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் காலையில்தான். உச்சியில் இலைகள் கூடும் குழியில் இரவு முழுக்கத் தண்ணீர் தேங்கினால் குருத்தழுகல் வரும், வந்தால் செடி பிழைப்பது கடினம். செப்டம்பர், அக்டோபரில் அடைமழை பிடிக்கும்போது கூடையை மழை படாத ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள். குழியில் தண்ணீர் நின்றால் காகிதத்தைத் திரித்து ஒற்றி எடுக்கலாம். இப்படித் தடித்த இலையுள்ள ஆர்க்கிட்களில் பலவும் இலைத்துளைகளை இரவில்தான் திறக்கின்றன. அதனால் கோடையில் சாயங்காலம் பால்கனித் தரையை நனைத்து விடுவேன். காற்றில் ஈரம் ஏறும், செடியின் மேல் சொட்டும் படாது.

கிழக்குப் பார்த்த பால்கனி கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மொட்டைமாடி என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். அந்தச் செடி உயிரோடு இருக்கும், பூக்காது. கொஞ்சம் மஞ்சளோடிய இளம்பச்சை சரியான நிறம். உரத்துக்கு நர்சரியில் கிடைக்கும் 19:19:19 போதும்: லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, வேர் நனைந்த பிறகு. செதில் பூச்சி தென்பட்டால் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

குளிர் தொடங்கும்போது இலையிடுக்கில் பூந்தண்டு எட்டிப் பார்க்கும். நுனி மொழுக்கென்று பச்சையாக இருந்தால் அது வேர். சிறுசிறு மொட்டுப் புடைப்புகள் தெரிந்தால் பூ. அன்றிலிருந்து கூடையைத் திருப்பக் கூடாது. திருப்பினால் வெளிச்சத்தைத் தேடிப் பூக்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்க்கும். விரிந்த கொத்து இரண்டு மூன்று வாரம் நிற்கும். அந்த நாட்களில் எங்கள் மாடிப்படி ஏறி வருகிறவர்கள், "என்ன பூ மணக்குது, யார் வீட்டுல?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்கள்.

மணத்தில் மயங்கி இன்னொன்று தேடத் தோன்றினால், இதன் உறவுக்காரச் செடியான ரின்கோஸ்டைலிஸ் ரெட்யூசாவைப் பாருங்கள். அசாமின் மாநில மலர். பிஹு திருவிழாவில் பெண்கள் கொண்டையில் சூடுவது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இயல்பாக வளர்கிறது. மணம் மெல்லியதுதான், ஆனால் கோடையில் பூக்கும் என்பதால் இரண்டு பருவத்துக்கும் பூ கிடைக்கும். ஏற்காடு போகிறவர்கள் அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தை அவசியம் பாருங்கள்.

கூடை உளுத்துப்போனால் செடியைப் பிடுங்கி மாற்ற வேண்டாம். வேரை அசைத்தால் இந்தச் செடி நெடுநாள் முரண்டுபிடிக்கும். பழைய கூடையை அப்படியே இன்னும் பெரிய கூடைக்குள் வைத்து, இடைவெளியில் கரித்துண்டுகளைப் போட்டுவிடுங்கள். புது வேர்நுனிகள் பச்சையாகக் கிளம்பும் ஜூன் மாதம் இதற்குத் தோது.