கணிப்பொறியை நிறுத்துவதில் ஓர் ஒழுங்கு

மாலையில் கருவூலத்தை மூடும் அலுவலர், அன்றைய வரவு செலவைப் பேரேட்டில் பதிந்த பிறகே பெட்டகத்தைப் பூட்டுகிறார். கணிப்பொறியை நிறுத்துவதிலும் இவ்வொழுங்கு இன்றியமையாதது.

லினக்ஸ் இயக்க அமைப்பில் ஒரு நிரல் எழுதும் விவரங்கள் உடனே வட்டைச் சென்றடைவதில்லை. விரைவு கருதி அவை முதலில் நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. வழக்கமாக 30 விநாடி அளவுக்கு அங்கே தங்கக்கூடும். அதற்குள் மின்சாரம் நின்றால் அவ்விவரம் அழிந்துபோகும். 'எக்ஸ்ட்4' போன்ற கோப்பு முறைமைகள் மாற்றங்களை முன்னதாகவே குறிப்பேட்டில் பதிந்துகொள்வதால் வட்டின் கட்டமைப்பு குலைவதில்லை. ஆனால் வட்டை எட்டாத விவரத்தை அவற்றாலும் மீட்க இயலாது.

'அன்மவுண்ட்' எனப்படும் விடுவிப்பின்போது நிலுவை விவரங்கள் அனைத்தும் வட்டில் எழுதப்படுகின்றன. ஏதேனும் ஒரு நிரல் அங்குள்ள கோப்பைத் திறந்து வைத்திருந்தால், இயக்க அமைப்பு விடுவிக்க மறுக்கும். ஆகவே நிரல்கள் முதலில் விலக வேண்டும்.

அதற்கு இரு சைகைகள் உள்ளன. 15ஆம் எண்ணுள்ள 'சிக்டெர்ம்' ஒரு வேண்டுகோள். நிரல் தன் பணியை முடித்துக்கொண்டு விலகலாம். 9ஆம் எண்ணுள்ள 'சிக்கில்' அவகாசம் தருவதில்லை. எந்த நிரலும் அதைத் தடுக்க இயலாது. 'சிஸ்டம்டி' மேலாண்மையில் முதற்சைகைக்குப் பின் வழக்கமாக 90 விநாடிகள் காத்திருந்தே இரண்டாவது அனுப்பப்படுகிறது.

சைகை வந்த கணத்திலேயே, அதைக் கையாளும் பகுதி கோப்புகளை மூட முற்படுவது தவறு. நிரல் அப்போது ஒரு பதிவின் நடுவில் இருக்கலாம். சைகை வந்ததைக் குறித்துக்கொள்வது மட்டுமே அப்பகுதியின் வேலை. நிரலின் முதன்மைப் பகுதி அக்குறியைக் கண்டு பின்வரும் வரிசையில் செயற்பட வேண்டும்:

1. புதிய பணிகளை ஏற்காதிருத்தல்.
2. தொடங்கிய பதிவை முடித்தல்.
3. விவரங்களை வட்டில் எழுதச் செய்தல்.
4. கோப்புகளை மூடி விலகுதல்.

கோப்பு முறைமையையே நடத்தும் 'ஃபியூஸ்' வகை நிரலோ, விடுவிப்பு முடியும்வரை விலகலாகாது. முந்தி விலகினால், அதை நாடும் பிற நிரல்களுக்குப் பிழைச்செய்தியே கிட்டும்.

சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயக்க அமைப்பும் லினக்ஸைச் சார்ந்ததே. எனவே அதனைப் பயன்படுத்தும் அரசு அலுவலகங்களுக்கும் இவ்விதிகள் பொருந்தும். மின்தடையின்போது மின்கலம் தரும் சில நிமிடங்கள், வேலையைத் தொடர்வதற்கு அல்ல, முறைப்படி நிறுத்துவதற்கே உரியவை. விசையைச் சட்டென அணைப்பதால் மிச்சமாவது ஓரிரு நிமிடம். இழக்கப்படுவதோ ஒரு குடியானவரின் நிலப்பதிவாகவோ, ஒரு முதியவரின் ஓய்வூதிய விண்ணப்பமாகவோ இருக்கலாம்.