அப்டேட் பாதியில் நின்றால்…

கூட்டமைப்பு கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால், மறுபடி போடும்போது திரை அப்படியே நின்றுவிடலாம். "குழுக் கணக்கெல்லாம் போச்சே" என்று பதற வேண்டாம். பெரும்பாலும் ஃபைல்கள் உள்ளே பத்திரமாகவே இருக்கும்.

1. ஓரிரு மணி நேரம் பொறுங்கள்.

2. அசைவே இல்லையா? பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணைத்து, மறுபடி போடுங்கள். விண்டோஸ் 10, 11-ல் இரண்டு மூன்று முறை தொடர்ந்து தொடங்காவிட்டால், பழுதுபார்க்கும் திரை தானாக வரும்.

3. அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுங்கள். சரியாகலைன்னா 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'.

4. 'ரிமூவ் எவ்ரிதிங்' பக்கமே போகாதீர்கள். கணக்கு முழுவதும் அழிந்துவிடும்.

மாதாமாதம் கணக்கை பென்டிரைவில் காப்பி எடுக்கிறோமா? அடுத்த கூட்டத்தில் பேசி, பொறுப்பாளரை முடிவு செய்யுங்கள்.