சிறு அறைக்கு எரிவாயுக் கணப்பு

கேள்வி: கொடைக்கானலில் வாங்கியுள்ள வீட்டின் சிறிய படுக்கையறைக்கு எத்தகைய எரிவாயுக் கணப்பு உகந்தது?
— ஒரு வாசகர், சோழபுரம்

பதில்: சோழபுரத்து வெயிலில் வளர்ந்த தேகத்துக்கு, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் மார்கழிக் குளிர் கடுமையானதே, எனினும், காற்றோட்டமற்ற சிற்றறையில் எரிவாயு அரைகுறையாக எரியும்போது பிறக்கும் கார்பன் மோனாக்சைடு, நிறமும் மணமும் அற்றதாய், இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றி, உறங்குபவரின் உயிரையே போக்கிவிடக்கூடிய விஷமாதலால், புகைக்குழாயில்லாத கணப்பைப் படுக்கையறையில் வைக்கவே வேண்டாம். வெளிக்காற்றைக் குழாய்வழி ஏற்று, புகையையும் வெளியே செலுத்தும், கண்ணாடியால் மூடப்பட்ட கணப்பே உகந்தது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் தரையோரமாகத் தேங்கும். எனவே சிலிண்டரை வீட்டுக்கு வெளியே, பள்ளமில்லாத இடத்தில் நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் அவசியம். இவற்றுக்கு வசதியில்லையெனில், மின்சார ஹீட்டரே க்ஷேமம்.