சாவியைப் போட்டால் ஒரு மூச்சு பொறுங்கள்

காலை எட்டே கால் மணி. திருப்பூர், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு டீக்கடை வாசல். கட்டிங் பீஸ் கட்டு ஒன்றைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்த தம்பி, சாவியைத் திருகிய அதே நொடியில் செல்ஃப் பொத்தானை அமுக்கினான். வலது கை ஆக்சிலேட்டரை இரண்டு முறுக்கு முறுக்கியது. கிர்ர்ர் என்று சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி கிர்ர்ர், மறுபடி முறுக்கு. எட்டரைக்கு ஷிப்ட்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏங் கண்ணு, அதுக்கு ஒரு மூச்சு டைம் குடு சாமி. ஆஃப் பண்ணிப்போட்டு மறுக்காப் போடு. கையை முறுக்காத."

"நேரமாச்சுங்க..."

"அதுக்குத்தான் சொல்றேன்."

தம்பி சாவியை அணைத்துப் போட்டான். டேங்குக்குள்ளிருந்து மெல்லிசாக 'ஊம்ம்' என்று ஒரு சத்தம் வந்து நின்றது. பொத்தானைத் தொட்டான், வண்டி பிடித்துக்கொண்டது.

அந்த 'ஊம்ம்'தான் சங்கதி: எஃப்.ஐ., அதாவது பெட்ரோலை இன்ஜெக்டரால் தெளிக்கும் வண்டியின் பம்ப் சத்தம் அது. இந்தியாவில் எஃப்.ஐ. பைக் 2006லேயே கிளாமர் எஃப்.ஐ. என்ற பெயரில் வந்துவிட்டது. ஆனாலும் பி.எஸ்.6 புகை விதி 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிறகுதான் நம் தெருவுக்கு முழுசாக வந்து சேர்ந்தது. பனியன் மூட்டை சுமக்கும் எக்ஸ்.எல். மொபெட் வரைக்கும் இன்ஜெக்டர் ஏறிவிட்டது. வண்டி மாறிய வேகத்துக்கு நம் கை மாறவில்லை. சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை நாலு தடவை திருகி, கிக்கரை உதைத்துப் பழகிய கை அது.

கார்ப்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் ஒரு சின்னக் கிண்ணத்தில் எப்போதும் தயாராக நிற்கும்; இன்ஜின் உறிஞ்சினால் போதும். எஃப்.ஐ. வண்டியில் கிண்ணம் கிடையாது. டேங்குக்குள் இருக்கும் மின் பம்ப்தான் பெட்ரோலை அழுத்தி இன்ஜெக்டர் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். பல பைக்குகளில் இந்த அழுத்தம் ஏறத்தாழ 3 பார். நம் டயரில் அடிக்கும் காற்றைவிடக் கூடுதல். சாவி போட்டதும் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி அழுத்தத்தை ஏற்றிவிட்டுத் தானே நிற்கும். அதற்குள் அமுக்கினால் இன்ஜின் சுற்றும், பெட்ரோல் போதிய அளவு தெளிக்காது. ஒன்றிரண்டு தடவை தப்பித்துவிடலாம். தினமும் இப்படியே செய்தால் தேய்வது பேட்டரி.

சரி, வரிசையாகச் செய்வது இப்படி.

வண்டியில் ஏறியதும் முதலில் பார்க்க வேண்டியது சிவப்பு கில் சுவிட்ச். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் குழந்தைகள் விளையாடி அமுக்கிவிட்டுப் போவது நம் வீதிகளில் சாதாரணம். அது ஆஃபில் இருந்தால் பல வண்டிகளில் பம்ப் சத்தமே வராது, நாம் பம்ப் போச்சு என்று பயந்துவிடுவோம். அடுத்து சைடு ஸ்டாண்டை எடுங்கள், நியூட்ரல் விளக்கைப் பாருங்கள். ஸ்டாண்டு கீழே இருந்தால் ஸ்டார்ட் ஆகாதபடியோ, கியர் போட்டதும் அணைந்துவிடும்படியோதான் இப்போது பல வண்டிகள் வருகின்றன.

இனி சாவி. போட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரியும். சில வண்டிகளில் சில நொடியில் அணையும். சிலவற்றில் இன்ஜின் ஓடிய பிறகுதான் அணையும். உங்கள் வண்டியின் வழக்கம் எது என்று நல்லாயிருக்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டு இரைச்சலில் பம்ப் சத்தம் கேட்காவிட்டால் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினால் போதும்.

பிறகு கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்குங்கள். ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். இன்ஜின் எவ்வளவு சூடு, காற்று எவ்வளவு வருகிறது என்று சென்சார்கள் சொல்ல, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதை இசியூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. காலைக் குளிரில் கொஞ்சம் கூடுதலாகத் தெளிக்கவும் அதற்குத் தெரியும்; பழைய சோக் செய்த வேலை அதுதான். நடுவில் நாம் முறுக்கினால் அதன் கணக்கைக் கலைக்கிறோம், அவ்வளவுதான். ஐந்து நொடிக்கு மேல் பொத்தானைப் பிடித்திருக்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால் சாவியை அணைத்து, பத்து நொடி விட்டு, மறுபடி முதலிலிருந்து.

ஓட ஆரம்பித்த வண்டியை நிறுத்தி வைத்து ஐந்து நிமிடம் உறுமவிடும் பழக்கமும் தேவையில்லை. திருப்பூர் மார்கழியில்கூட ஊட்டி ஆகிவிடாது. அரை நிமிடம் போதும். முதல் ஒரு கிலோமீட்டரை மட்டும் முறுக்காமல் ஓட்டினால் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

இவ்வளவும் செய்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் என்ன?

'டிக் டிக்' என்று மட்டும் வந்தால் பேட்டரி. கிக்கர் உள்ள வண்டிக்கு உதை இருக்கிறது, ஆனால் அப்போதும் சாவி போட்டுப் பொறுத்துத்தான் உதைக்க வேண்டும். கிக்கர் இல்லாத கியர் வண்டியை செகண்ட் கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், பேட்டரியில் பம்பை ஓட்டும் அளவுக்காவது உயிர் இருந்தால். சாவி போட்டதும் மீட்டரும் எரியவில்லை, பம்பும் முனகவில்லை என்றால் வண்டியைத் தள்ளிப் பிரயோசனமில்லை. இதைத் தெரியாமல் நான் ஒரு தடவை பல்லடம் ரோட்டில் அரை கிலோமீட்டர் தள்ளி, சட்டை நனைந்து, கடைசியில் ஆட்டோவில் போனேன்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது, பிடிக்கவில்லை என்றால் உள்ளே பெட்ரோல் கூடிவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு இடத்தில் மட்டும் ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து நொடி செல்ஃப் அடியுங்கள். பிறகு கையை விட்டு வழக்கம்போல ஸ்டார்ட் செய்யுங்கள். ஹோண்டா கையேடுகளே இந்த வழியைச் சொல்கின்றன.

வண்டி ஒரு தடவை சாய்ந்து விழுந்திருந்தால், தூக்கி நிறுத்தியதும் சாவியை முழுசாக அணைத்துப் போடுங்கள். சாய்வைப் பார்த்து இன்ஜினை நிறுத்தும் சென்சார் உள்ள வண்டிகள் அப்படிச் செய்யாமல் ஸ்டார்ட் ஆகாது. மூட்டை ஏற்றும்போது வண்டி சாய்வது நம்மூரில் தினசரி நடப்பது, ஆகவே இதை மனசில் வையுங்கள்.

அடுத்தது வெள்ளிக்கிழமை வியாதி. சம்பளம் சனிக்கிழமை என்பதால் வியாழன், வெள்ளியில் ஊரில் பாதி வண்டி ரிசர்வில்தான் ஓடும். பழைய வண்டிக்கு அதனால் ஒன்றுமில்லை. எஃப்.ஐ. வண்டியின் பம்ப் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்துதான் சூடு ஆறுகிறது. எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டினால் பம்பின் ஆயுள் குறையும். புதுசு மாற்ற ஆகும் காசில் பல வாரத்துக்குப் பெட்ரோல் போடலாம். கொஞ்சமாக இருக்கும்போது சைடு ஸ்டாண்டில் சாய்த்து ஸ்டார்ட் செய்தால் பம்ப் காற்றை இழுக்கவும் கூடும். வண்டியை நேராக நிறுத்துங்கள். ஒரேயடியாகத் தீர்ந்து நின்றுவிட்டால், பெட்ரோல் போட்ட பிறகு மூன்று தடவை சாவியைப் போட்டு, 'ஊம்ம்' முடியும்வரை காத்திருந்து அணைத்து, நாலாவது தடவை அமுக்குங்கள். குழாயில் இருக்கும் காற்று வெளியேற அந்த அவகாசம் தேவை.

இந்த ஊருக்கே உரிய எதிரி ஒன்று உண்டு: பஞ்சு. நிட்டிங் ஓடும் கட்டிடத்து வாசலில் நாள் முழுக்க நிற்கும் வண்டியின் ஏர் பில்டரைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம், கம்பளி போர்த்தியது மாதிரி ஒட்டியிருக்கும். விரலால் இழுத்தால் தாளாக உரிந்து வரும். காற்று குறைந்தால் ஸ்டார்ட்டிங்கும் மக்கர் செய்யும், மைலேஜும் போகும். உடனே கம்பெனியில் மெஷினுக்குக் காற்றடிக்கும் ஏர் கன்னை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள் நம் ஆட்கள். வேண்டாம். இப்போது பல வண்டிகளில் இருப்பது எண்ணெய்ப் பதம் ஏற்றிய காகித பில்டர். காற்றடித்தால் வீணாகும், மாற்றத்தான் வேண்டும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திராமல் முன்கூட்டியே மாற்றுங்கள். பில்டரைக் கழற்றிய கையோடு பனியன் வேஸ்ட்டால் உள்வாயைத் துடைப்பதும் ஆபத்து, ஒரு நூல் பிசிறு உள்ளே போனால் போதும்.

ஐப்பசி மழையில் நொய்யல் தரைப்பாலத்திலோ ரயில்வே சுரங்கப்பாதையிலோ வண்டி மூழ்கி நின்றால் செல்ஃப் பொத்தானை அறவே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுவதுதான் மலிவு.

தீபாவளி, பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் டேங்கை நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். டேங்கில் காலி இடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும். ஒரு மாதம் நிற்கும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள், சாவி ஆஃபில் இருக்கும்போது. திரும்பி வந்ததும் ஒயரை மாட்டி, சாவியை இரண்டு தடவை போட்டு அணைத்து, மூன்றாவது தடவை ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போதும் மஞ்சள் விளக்கு அணையாமல் நின்றால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஸ்பேனரோடு மட்டும் வருகிறவர் முதலில் பிளக்கைத்தான் மாற்றுவார்.