விசாலமான முற்றத்திற்கு ஏற்ற புல்வெட்டும் யந்திரம்

விசாலமான முற்றமுடையோர் புல்வெட்டும் யந்திரம் வாங்குமுன் அதன் வெட்டகலத்தைக் கவனித்தல் அவசியம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடியாகும். 21 அங்குல யந்திரத்தின் பின் செல்பவர் அதை வெட்டி முடிக்கக் குறைந்தது 4.7 மைல் நடக்கவேண்டும். 30 அங்குலமாயின் 3.3 மைல் போதும். ஆயினும் அகன்ற யந்திரம் மேடுபள்ளமான தரையில் மேட்டைச் சுரண்டிவிடும். சக்கரங்களும் எஞ்சினால் இயங்குமாயின் தள்ளும் உழைப்பு குறையும்.

இங்கிலாந்தில் 1830-ல் எட்வின் பட்டிங் அமைத்த உருளைக்கத்தி முறை, சமதரையிலுள்ள குட்டைப் புல்லைக் கத்தரிபோல் வெட்டும். உயர்ந்த புல்லோ அதன்முன் சாய்ந்துவிடும். அத்தகைய புல்லுக்குச் சுழல்கத்தியே தக்கது. அது கற்களை வீசியெறியுமாதலால் அவற்றை முன்னரே அகற்றுதல் வேண்டும். சரிவில் குறுக்காகவே செலுத்துக. மேலும் கீழுமாகச் செலுத்துவோன் வழுக்கினால் கால் கத்தியில் அகப்படும். சிக்கிய புல்லை, எஞ்சினை நிறுத்தி ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிய பின்னரே எடுத்தல் வேண்டும்.