கடையில் வைக்கும் பொதுக் கணினி: திரையை மட்டும் மறைத்தால் போதுமா?

புடைவைக் கடை, புத்தகக் கடை, உதிரிப்பாகக் கடை என்று பல இடங்களிலும் வாடிக்கையாளர் தாமாகவே பொருளையும் விலையையும் பார்ப்பதற்குக் கணினியொன்றை வைக்கிறார்கள். நல்ல விடயம்தான். எனது கடையிலும் ஒன்று உண்டு. ஆனால் அதை வைக்குமுன் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். திரை முழுவதும் ஒரே பக்கம் தெரிவது வேறு, கணினி பூட்டப்பட்டிருப்பது வேறு.

பலர் பிரவுசரைத் திறந்து எஃப் 11 விசையை அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று இருந்து விடுகிறார்கள். அதே விசையை மீண்டும் அழுத்தினால் எல்லாம் பழையபடி வந்துவிடும். சிறு பிள்ளைக்கும் இது தெரியும்.

இதற்கு ஒரு படி மேலானது 'கியோஸ்க்' முறை. குரோம் பிரவுசரின் ஷோர்ட்கட்டில் வலது பக்கம் சொடுக்கி 'புரொப்பர்ட்டீஸ்' சென்று, 'டாகெட்' பெட்டியில் உள்ளதன் கடைசியில் ஓர் இடைவெளி விடுங்கள். பின் இரண்டு சிறு கோடுகளிட்டு, அவற்றை ஒட்டியபடி கியோஸ்க் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதுங்கள். மீண்டும் இடைவெளி விட்டு உங்கள் தளத்தின் முகவரியைச் சேருங்கள். முன்னரே திறந்துள்ள குரோம் ஜன்னல்களை மூடிவிட்டே இதைத் திறக்க வேண்டும். ஃபயர்ஃபொக்ஸிலும் 2019 டிசம்பரில் வந்த 71ஆம் பதிப்பு முதல் இவ்வசதி இருக்கிறது.

முகவரிப் பட்டை, மெனு எல்லாம் மறைந்துவிடும். ஆனாலும் ஓல்ட், எஃப் 4 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பிரவுசர் மூடி, உங்கள் கோப்புகள் வெளியே தெரியும். கதவைச் சாத்தியிருக்கிறோம், பூட்டவில்லை.

உண்மையான பூட்டு விண்டோஸில் இருக்கிறது. விண்டோஸ் 11 புரோ பதிப்பில் செட்டிங்ஸ், எக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று சென்றால் 'கியோஸ்க்' பகுதியைக் காணலாம். ஹோம் பதிப்பில் இது கிடையாது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே தனிக் கணக்கொன்றை உருவாக்கி, மைக்ரோசொஃப்ட் எட்ஜ் பிரவுசரைத் தெரிவுசெய்ய வேண்டும். அந்தக் கணக்கில் வேறெதுவும் திறக்காது. பிரவுசர் மூடப்பட்டாலும் தானே திரும்பத் திறக்கும். மின்சாரம் போய் வந்து கணினி இயங்கும்போதும் நேரே அந்தக் கணக்குக்கே போகும். கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட் மூன்றையும் அழுத்தி வேறு கணக்குக்கு மாறலாம். ஆகவே உங்கள் சொந்தக் கணக்குக்கு நல்ல கடவுச்சொல் அவசியம்.

அடுத்துத்தான் முக்கியமான விடயம். கடையொன்றில் இத்தகைய கணினியில் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினேன். முன்பு வந்த யாரோ ஒரு பெண்ணின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கீழே வந்து நின்றன. அந்தப் பெண் கடைக்காரரை நம்பியல்லவா அதைக் கொடுத்தார்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நமது பாராளுமன்றம் நிறைவேற்றியிருப்பதும் நினைவிலிருக்கட்டும்.

எட்ஜில் இதற்கு வழி உண்டு. அமைக்கும்போது 'பப்ளிக் பிரவுசர்' வகையைத் தெரிவுசெய்தால், ஒருவர் முடித்துக்கொண்டதும் அவர் தட்டியவை அழிந்துவிடும். சொல்லாமல் எழுந்து போனாலும், சும்மா கிடக்கும் நேரம் 5 நிமிடமானதும் தானே அழியும்படியே அது வருகிறது. சனம் கூடும் கடையென்றால் 1 அல்லது 2 நிமிடமாகக் குறையுங்கள். பெயர், இலக்கம் எதுவும் கேட்காத வெறும் விலைப்பட்டியலுக்கு மற்ற வகையான முழுத்திரையே போதும்.

கணினிப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். யூ.எஸ்.பி. துளையும் பவர் பொத்தானும் கைக்கு எட்டக்கூடாது. கணக்கு வழக்குப் பார்க்கும் கணினியை இதற்குப் பாவிக்கவே வேண்டாம், இரண்டையும் ஒரே வைஃபையில் இணைக்கவும் வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றுவிட்டதால், மூலையில் கிடக்கும் பழைய கணினியைத் தூசி தட்டி வைப்பதும் புத்தியல்ல.

எல்லாம் முடிந்ததும் வீட்டிலுள்ள 15 வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இதிலிருந்து வெளியே வா பார்ப்போம்" என்று அரை மணி நேரம் விடுங்கள். அவன் தோற்றால் கடையில் வையுங்கள். வென்றால், எந்த வழியால் வந்தான் என்று கேட்டு அதை அடைத்துவிட்டு வையுங்கள்.